திட்ட நிதிப் பயிற்சி (கெடா, மலேசியா)

திட்ட நிதிப் பயிற்சி என்பது நெடுஞ்சாலை, பாலம், குடிநீர், மருத்துவமனை போன்றவற்றை அரசும் தனியாரும் சேர்ந்து அமைக்கும்போது, அதற்கான பணத்தைத் திரட்டவும், கடன் ஒப்பந்தத்தை வரையவும், வருமானத்தையும் ஆபத்தையும் கணக்கிடவும் கற்றுத்தரும் தொழில்முறைக் கல்வி. மலேசியாவில் 1980களின் தனியார்மயக் கொள்கைக்குப் பிறகே இது தனிப் பாடமாக உருப்பெற்றது. ஆனால் இதன் அடிப்படை வழக்கங்கள் கெடா மாநிலத்தில் அதற்கு நூறாண்டு முன்பே இருந்தன. திகாம் பத்து, சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்டப்புற மக்களுக்கும் அவற்றில் பெரும்பாலானவை பழக்கமானவை.

பொருள்

சாதாரணக் கடனில் வங்கி, கடன் கேட்பவரின் வீட்டையும் நிலத்தையும் பார்க்கும். திட்ட நிதியில் அந்தத் திட்டம் நாளை ஈட்டப்போகும் பணத்தைப் பார்க்கும். இதற்காகவே ஒரு தனிக் கம்பெனி பதிவு செய்யப்படும். அரசு அதனுடன் சலுகை ஒப்பந்தம் செய்துகொண்டு, குறித்த ஆண்டுகளுக்குக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை வழங்கும். அந்த ஒப்பந்தத்தை நம்பியே வங்கி கடன் கொடுக்கும். கட்டணத்தில் வரும் பணம் முதலில் பராமரிப்புக்கும், அடுத்து கடன் தவணைக்கும் போகும். பங்கு முதல் போட்டவருக்கு மிஞ்சியதே கிடைக்கும்.

ரப்பர் தோட்டத்தை அறிந்தவருக்கு இது புதிதல்ல. கன்று நட்டு ஆறேழு ஆண்டுகள் பால் வெட்ட முடியாது. அதுவரை காடு அழிக்கவும், களை எடுக்கவும், கூலி கொடுக்கவும் பணம் போய்க்கொண்டே இருக்கும். வெட்டு தொடங்கிய பிறகுதான் போட்ட பணம் திரும்பும். சாலைத் திட்டத்தின் கட்டுமானக் காலமும் இப்படிப்பட்ட வருமானமில்லாக் காலமே. ரப்பர் விலை விழுந்தால் தோட்டம் தள்ளாடுவதுபோல, வண்டிகள் குறைந்தால் சாலைக் கம்பெனி தள்ளாடும்.

முன்வரலாறு

கெடாவில் திட்ட நிதியின் முன்னோடி என்று சொல்லத்தக்கது வான் மாட் சமான் கால்வாய். சுல்தான் அப்துல் ஹமீது ஹலீம் ஷா காலத்தில் தலைமை அமைச்சராக இருந்த வான் முகமது சமான், 1885இல் அலோர் ஸ்டாரிலிருந்து குருண் நோக்கி இதை வெட்டத் தொடங்கினார். சுமார் 36 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கால்வாய் 1896இல் முடிந்தது. கோடு வளையாமல் இருக்க இரவில் தீவட்டிகளை வரிசையாக ஏற்றி நேர் பார்த்தார்கள் என்பது அங்குள்ள செவிவழிச் செய்தி.

இதற்கு மாநிலக் கருவூலம் செலவழிக்கவில்லை. வான் முகமது சமான் தம் சொந்தப் பொறுப்பில் பணம் போட்டார். அதற்கு ஈடாகக் கால்வாயின் இருபுறமும் நிலம் பெற்றார். கால்வாய் நீண்டபோது சதுப்பு வடிந்தது, நிலம் நெல்வயலானது. குடியேறியவர்களிடமிருந்து வந்த நிலப் பணத்தால் செலவு மீண்டது. தனியார் முதல், ஆட்சியாளர் வழங்கிய உரிமை, கட்டமைப்பினால் உயர்ந்த நில மதிப்பு, பயனாளர் தரும் பணம் என்று இன்றைய பாடநூல் வரிசைப்படுத்தும் நான்கும் அதில் இருந்தன. கெடாவின் நெற்களஞ்சியப் பெயருக்கு அடித்தளம் இட்டது இந்தக் கால்வாயே.

கடன் கொடுப்பவர் நிபந்தனை விதிப்பார் என்பதையும் கெடா நேரில் கண்டது. 1904இல் அரச குடும்பத் திருமணங்கள் மாதக்கணக்கில் நடந்தன. கருவூலம் வற்றியது, கடன்காரர்கள் நெருக்கினர். 1905இல் சயாம் அரசிடம் 26 லட்சம் வெள்ளி கடன் வாங்கப்பட்டது. பதிலுக்கு மாநில மன்றம் ஒன்றை அமைக்கவும், சயாம் நியமிக்கும் நிதி ஆலோசகரை ஏற்கவும் வேண்டியதாயிற்று. கடன் ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு வரி ஆட்சி முறையையே மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. 1909இல் கெடா பிரிட்டிஷார் மேலாண்மைக்கு மாறியது.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்கள் வேலையும் இருப்பிடமும் இழந்தன. அதற்கு விடையாக 1960இல் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பால்மரம் வெட்டியவர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டி, தாங்கள் உழைத்த தோட்டங்களையே வாங்கினர். அந்தச் சங்கம் தொடக்கத்தில் வாங்கிய தோட்டங்களுள் கெடாவின் புக்கிட் சிடிம் ஒன்று. பங்கு முதல் என்றால் என்ன என்பதைத் தோட்டத் தமிழர் இந்தச் சங்கத்தின் ரசீதிலிருந்து கற்றனர்.

1966 முதல் 1970 வரை நடந்த மூடா பாசனத் திட்டம் வேறு வகை. உலக வங்கி 1965இல் அளித்த 4.5 கோடி அமெரிக்க டாலர் கடனோடு அரசே இதை நடத்தியது. பெடு, மூடா அணைகள் எழுந்தன. ஏறத்தாழ 96,000 ஹெக்டேரில் இருபோக நெல் சாத்தியமானது.

தனியார்மயமும் பயிற்சியின் தேவையும்

1983இல் பிரதமர் மகாதீர் முகமது தனியார்மயக் கொள்கையை அறிவித்தார். அவர் அலோர் ஸ்டாரில் பிறந்தவர். 1985இல் வழிகாட்டி நெறிகளும், 1991இல் தனியார்மயப் பெருந்திட்டமும் வெளிவந்தன. இக்கொள்கையின் மிகப் பெரிய சோதனை வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை. கெடாவின் புக்கிட் காயு ஹீத்தாமில் தொடங்கும் அதன் முதன்மைப் பாதை சுங்கை பட்டாணி வழியாக ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நீள்கிறது. யூஈஎம் கம்பெனியுடன் 1988 மார்ச் மாதம் 30 ஆண்டுச் சலுகை ஒப்பந்தம் கையெழுத்தானபோது பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் ச. சாமிவேலு. சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டது.

அந்த ஒப்பந்தத்தில் அரசு 165 கோடி வெள்ளி ஆதரவுக் கடன் தந்தது. குறைந்தபட்சப் போக்குவரத்துக்கும் நாணய மாற்று நட்டத்துக்கும் உத்தரவாதம் கொடுத்தது. ஒப்பந்தம் வழங்கப்பட்ட முறையை எதிர்த்து எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் தொடுத்த வழக்கை, வழக்காட அவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1988இல் 3–2 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. எதிர்ப்பு எதுவாயினும் நாட்டுக்கு அந்தச் சாலை தேவையாக இருந்தது. குறை சாலையில் இல்லை. பேர மேசையில் அரசின் பக்கம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தேர்ந்தவர் போதாமையே குறை. இந்தப் பயிற்சிக்கு வித்திட்டதும் அதுவே.

பாடத்திட்டம்

பயிற்சியின் உயிர்நாடி நிதி மாதிரி எனப்படும் கணக்குத் தாள். வகுப்பில் போடப்படும் கணக்கு பெரும்பாலும் இப்படி இருக்கும்: சாலை அமைக்க 10 கோடி வெள்ளி, 7 கோடி கடன், 3 கோடி பங்கு முதல். வட்டி 6 விழுக்காடு, 15 ஆண்டு சமத் தவணை என்றால் ஆண்டுக்குச் சுமார் 72 லட்சம் கட்ட வேண்டும். டோல் வருமானம் 1.40 கோடி, பராமரிப்பு 40 லட்சம் என்றால் கையில் 1 கோடி. அதைத் தவணையால் வகுத்தால் 1.39 வரும். இதுவே கடன் அடைப்பு விகிதம். 1.3க்குக் கீழே போனால் பல வங்கிகள் தயங்கும்.

அடுத்து ஆசிரியர் ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொல்வார்: வண்டிகள் 20 விழுக்காடு குறைவு. வருமானம் 1.12 கோடியாக இறங்கும். பராமரிப்போ குறையாது. கையில் 72 லட்சம், தவணையும் 72 லட்சம். விகிதம் 1இல் வந்து நிற்கும்; முதல் போட்டவருக்கு ஒரு காசும் இல்லை. வண்டி குறைந்தால் யார் தாங்குவது என்ற ஒற்றை வரிக்காக ஒப்பந்தப் பேச்சு ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது என்பது மாணவருக்கு அந்த நிமிடத்தில் விளங்கும்.

பாடங்களைப் பொதுவாக ஐந்தாகப் பகுப்பர்:

1. திட்டத் தேர்வு: தேவை, செலவு, மக்களுக்குக் கிடைக்கும் பயன்.
2. ஆபத்துப் பகிர்வு: நிலம், கட்டுமானம், போக்குவரத்து, நாணயம் ஆகியவற்றின் நட்டம் யார் தலையில் என்பது.
3. நிதி மாதிரி.
4. ஒப்பந்தமும் ஏலமும்: கம்பெனி தவறினால் கடன் கொடுத்தவரே உள்ளே வந்து நடத்தும் உரிமை உட்பட.
5. ஒப்பந்த மேற்பார்வை: கட்டண உயர்வு, தரம், முடிவில் ஒப்படைப்பு.

மலேசியாவில் இவற்றோடு சுக்கூக் எனப்படும் இஸ்லாமிய நிதிப் பத்திரமும் பாடமாகும். 2012 ஜனவரியில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்துக்காக வெளியிடப்பட்ட 3,060 கோடி வெள்ளி சுக்கூக், அப்போது உலகிலேயே மிகப் பெரியது.

பயிற்சி நிறுவனங்கள்

அரசு அலுவலருக்கான முதன்மை நிலையம் 1972இல் அமைந்த தேசியப் பொது நிர்வாகக் கழகமான இந்தான். அதன் வட மண்டல வளாகம் திகாம் பத்துக்கு அருகே சுங்கை பட்டாணியிலேயே உள்ளது. 1984இல் நிறுவப்பட்ட வட மலேசியப் பல்கலைக்கழகம் கெடாவின் சிந்தோக்கில் நிதியும் நிர்வாகமும் கற்பிக்கிறது. வங்கியாளருக்கு 1977 முதல் தனிக் கழகம் உண்டு. இஸ்லாமிய நிதிக்கு 2005இல் இன்சீஃப் தொடங்கப்பட்டது. அனைத்துலக அளவில், உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் பிற வளர்ச்சி வங்கிகளும் சேர்ந்து உருவாக்கிய பொது–தனியார் கூட்டு நிபுணர் சான்றிதழ் மூன்று நிலைத் தேர்வுகளைக் கொண்டது.

இன்றைய நிலை

பிரதமர் துறையின் கீழ் 2009இல் உக்காஸ் என்ற பொது–தனியார் கூட்டுப் பிரிவு அமைந்தது. 2020 பிப்ரவரியில் பிளஸ் கட்டணம் 18 விழுக்காடு குறைக்கப்பட்டு, ஒப்பந்தக் காலம் 2058 வரை நீட்டிக்கப்பட்டது. 2024இல் பொது–தனியார் கூட்டுக்கான பிக்காஸ் 2030 பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டது.

2058இல் அந்தச் சாலை அரசின் கைக்குத் திரும்பும்போது, இன்று திகாம் பத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நடுவயதைத் தாண்டியிருப்பார்கள். அதுவரை அந்த டோலில் பணம் கட்டப்போகிறவர்கள் அவர்களே. எதற்காகக் கட்டுகிறோம் என்று ஒப்பந்தத்தைப் புரட்டிப் படிக்கத் தெரிந்தவர்களும் அவர்களிடையே இருக்க வேண்டும். அதற்கான வகுப்பறை பக்கத்து ஊரிலேயே இருக்கிறது.