வைன்லேண்ட் அளவுகோல்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியின் உளவியலாளர் எட்கர் டால் 1935-இல் வெளியிட்ட சமூக முதிர்ச்சி அளவுகோல், ஒருவர் அன்றாட வாழ்வில் தாமாகச் செய்வதை அளப்பது. அறிவுத்திறன் ஈவு மட்டும் போதாது என்பதே இதன் அடிப்படை. ஒரே ஈவுள்ள இரு இளைஞரில் ஒருவர் தனியே பேருந்தில் போய்வரலாம். மற்றவருக்குச் சட்டைப் பொத்தான் போடவும் துணை தேவைப்படலாம். செய்ய முடிவதை அல்ல, வழக்கமாகச் செய்வதையே பெற்றோரிடம் விசாரித்து மதிப்பிடுவர். அவர்கள் கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் தேர்வறையில் கழியும் சிறுபொழுது வீட்டு வாழ்வைக் காட்டாது. ஆசிரியரிடமும் கேட்டு ஒப்பிடுவதே சரியான வழி. வாய்ப்பே தரப்படாத பிள்ளையைத் திறனற்றவர் எனக் குறிப்பது, பெற்றோர் கூட்டியோ குறைத்தோ சொல்வதைவிடப் பெரிய அநீதி. டால் இந்நிலைக்குத் தனிக் குறியீடே வைத்திருந்தார். சாரா ஸ்பேரோவும் சகாக்களும் 1984-இல் இந்த அளவுகோலை விரிவாகத் திருத்தினர். இந்தியாவில் மாலின் என்பவர் தழுவிய வடிவம் வழக்கில் உள்ளது.