அம்மச்சியின் கவரும் தாலூகாக் கோர்ட்டும்: எல்லை ஊர்களில் இலவசச் சட்ட உதவி வந்த வழி

அம்மச்சி கொண்டுவந்த ஜவுளிக்கடைக் கவருக்குள் பதினோரு காகிதங்கள் இருந்தன. அடியில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை போட்ட பத்திரம், கொல்லம் ஆண்டு 1121-இல் எழுதியது. அதற்கு மேல் ஓர் ஒற்றிச் சீட்டு, கரம் அடைத்த ரசீதுகள், கணவனின் மரணச் சான்று, ரேஷன் கார்டு நகல். எல்லாவற்றுக்கும் மேலே நாலாக மடித்த புதுக் காகிதம் ஒன்று. அது மலையாளத்தில் அச்சடித்தது. அம்மச்சிக்கு வாசிக்கத் தெரிந்ததோ தமிழ், அதுவும் எழுத்துக் கூட்டி. தபாலில் வந்ததை மூன்று வாரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

"எனக்க வீட்ட எடுத்துருவாங்களா மக்களே?" என்றுதான் முதலில் கேட்டாள்.

வீட்டை யாரும் கேட்கவில்லை. பக்கத்துப் புரயிடத்துக்காரர் நடைவழி விஷயமாகத் தொடுத்த சிவில் வழக்கின் சம்மன் அது. தன் நிலத்தின் நடுவே அம்மச்சி நடக்கக் கூடாது என்று தடை கேட்டிருந்தார். சம்மன் கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் கோர்ட் 90 நாள் வரை இடம் கொடுக்கலாம். அந்த 30 நாளில் 21 நாள் ஏற்கெனவே போயிருந்தது. பதில் போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. அதை நீக்கச் சொல்லிக் கேட்கவும் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்தான் காலம். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் மட்டும் தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். நான் பார்த்தவரை, நம் பக்கத்து ஏழை சிவில் வழக்கில் தோற்கிற இடம் இந்தச் சாமி படத்தின் பின்புறம்தான். நீதிபதியின் முகத்தைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகசாலைத் திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் காகிதம் படித்துச் சொல்லிக்கொண்டிருப்பவன் என்பதால்தான் இந்த மலரின் குழுவினர் இந்தக் கட்டுரையை என்னிடம் கேட்டார்கள். நம் நெய்யாற்றின்கரைத் தாலூகாவில் இலவசச் சட்ட உதவி வந்த வரலாறு வேண்டும் என்றார்கள். அம்மச்சியின் கவரில் இருந்த பத்திரங்களின் வரிசையிலேயே அந்த வரலாறு பாதி இருக்கிறது.

சங்கு முத்திரைப் பத்திரம் எழுதிய நாளில் பாறசாலையும் களியக்காவிளையும் ஒரே நாடு. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு இரண்டும் அடுத்தடுத்த தாலூகாக்கள், அவ்வளவுதான். 1945-இல் தொடங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பின்னர் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட தாலூகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அந்த இயக்கத்தை நடத்திய மார்ஷல் நேசமணி தொழிலால் வக்கீல். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

கோடு போட்டது வரைபடத்தில். அது விழுந்தது குடும்பங்களின் நடுவே. அக்காள் களியக்காவிளையிலும் தங்கை இஞ்சிவிளையிலும் கட்டிக் கொடுக்கப்பட்டிருப்பார்கள். அப்பனின் முப்பது சென்ட் பனச்சமூட்டுப் பக்கம் கிடக்கும். நிலத்தைப் பற்றிய வழக்கு நிலம் இருக்கும் எல்லையில்தான் நடக்க வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டம். ஆகவே ஒரு குடும்பத்துக்கே குழித்துறைக் கோர்ட்டும் வேண்டும், நெய்யாற்றின்கரைக் கோர்ட்டும் வேண்டும். மேல்முறையீடு உயர் நீதிமன்றம் வரை போனால் ஒன்று எறணாகுளத்துக்கு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல், இன்னொன்று சென்னைக்கு. 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறந்த பிறகுதான் குமரி மாவட்டக்காரர்களுக்கு அந்தத் தூரம் குறைந்தது. சொற்களும் பிரிந்துபோயின. அங்கே, குமரிப் பக்கம், பட்டா மாற்றம் என்பது இங்கே, கேரளப் பக்கம், போக்குவரவு. அங்கே வில்லங்கச் சான்று, இங்கே குடிக்கடச் சர்ட்டிபிகேட். அங்கே கிராம நிர்வாக அலுவலர், இங்கே வில்லேஜ் ஆபீசர். படித்தவர்களே தடுமாறுகிற இடம் இது. முந்திரி ஆபீசில் கூலிக்குப் பருப்பு உடைக்கிற பெண் என்ன செய்வாள்?

ஏழைக்குச் சிவில் கோர்ட்டில் இடமே இல்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. 'பாப்பர் வழக்கு' என்று பழைய குமஸ்தாக்கள் சொல்வார்கள். 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளை அது. கோர்ட் கட்டணம் செலுத்த வழியில்லாதவர் தம் வறுமையை நிரூபித்தால் கட்டணமில்லாமல் வழக்குத் தொடரலாம். ஆனால் முதலில் நடப்பது அவருடைய உரிமையைப் பற்றிய விசாரணை அல்ல, வறுமையைப் பற்றிய விசாரணை. அரசு வக்கீலே எதிர்த்து நின்று, இவருக்கு ஆடு இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்று கேட்கலாம். 1976 திருத்தத்தில் 'பாப்பர்' என்ற அந்த அவமானச் சொல் நீங்கியது. வக்கீல் இல்லாத ஏழை வாதிக்குக் கோர்ட்டே வக்கீலை அமர்த்தலாம் என்ற விதியும் அப்போதுதான் வந்தது.

இதில் ஒரு வழக்கைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஹரியானாவில் அரசு பஸ் மோதி இறந்தவரின் மனைவியும் மகளும் நஷ்டஈடு கேட்டார்கள். கட்டணம் செலுத்த அவர்களிடம் காசில்லை. ஏழைக்கான சலுகை விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் பொருந்தாது என்று அந்த மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979-இல் அரசின் மனுவைத் தள்ளி, பொருந்தும் என்று எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். நம் தேசிய நெடுஞ்சாலையில் அடிபட்டுப் போனவர்களின் வீடுகளுக்கு அந்தத் தீர்ப்பின் பலன் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

கிருஷ்ணய்யரைப் பற்றி நமக்குத் தனிப் பெருமை இருக்கிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோது குடியானவர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் வாதாடியவர். 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்பதற்காகச் சிறையிலும் இருந்தவர். 1957-இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் அவர்தான் சட்ட அமைச்சர். ஏழைகளுக்குச் சட்ட உதவி தரும் விதிகளைக் கேரளம் அந்த ஆட்சிக் காலத்திலேயே வகுத்துவிட்டது. நாடு முழுவதற்குமான சட்ட உதவி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர். அறிக்கை 1973-இல் வந்தது. அடுத்து நீதிபதி பி.என். பகவதி அதே பணியைத் தொடர்ந்தார். 42-ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் 39ஏ பிரிவு சேர்ந்தது: பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை. அதற்கு உயிர் கொடுத்த சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 9-ஐச் சட்டப் பணிகள் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். மாநிலத்துக்கு ஓர் ஆணையம், மாவட்டத்துக்கு ஒன்று, தாலூகாவுக்கு ஒரு குழு என்று அமைப்பு இறங்கி வந்தது. தாலூகாவில் இருக்கும் மூத்த நீதிபதியே குழுவின் தலைவர். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் இயங்கும் தாலூகா சட்டப் பணிகள் குழு இந்த மரத்தின் நம் ஊர்க் கிளை.

பகவதியின் பெயர் நம் வீட்டுப் பெண்களுக்கு வேறொரு விதத்திலும் சொந்தம். திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் என்று கொல்லம் 1092-இல் ஒரு சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது, மகளுக்கும் சம பங்கு உண்டு என்று 1986 பிப்ரவரி 24-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் அப்போது தலைமை நீதிபதியாக இருந்த பகவதி. கிறிஸ்தவர்கள் நிறைந்த நம் எல்லை ஊர்களில் அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்க வேண்டும். நுழையவில்லை. அண்ணன் நீட்டிய ஒழிமுறியில், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அக்காமார்களை எனக்குத் தெரியும். தீர்ப்பு டெல்லியில் வந்தால் போதாது. ஒழிமுறியில் கையெழுத்து விழுவதற்கு முன் அதை அவளுக்கு வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

நிலச் சீர்திருத்தமும் அப்படித்தான். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழும் குடிகிடப்புக்காரருக்குத் தம் குடிசை நிற்கும் நிலத்தை விலைக்குப் பெறும் உரிமை வந்தது. பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை. உரிமையைக் கேட்டு மனுக் கொடுத்துப் பட்டயம் வாங்கியவர் வீடு தலைமுறைக்கும் நின்றது. மண்ணில் இருக்கிறோமே, அது போதாதா என்று இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கோர்ட் வராந்தாவில் நிற்கிறார்கள்.

2020 டிசம்பரை இங்கே எழுதாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில், சில சென்ட் நிலத்துக்கான சிவில் தீர்ப்பை நிறைவேற்றப் போன இடத்தில் ஒரு கணவனும் மனைவியும் தீக்காயம் பட்டு, சில நாட்களில் இறந்துபோனார்கள். தகப்பனுக்கு மகனே குழி வெட்டியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிலம் யாருடையது என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. சிவில் வழக்குத்தானே, உயிர் போகிற விஷயமா என்று எவராவது சொன்னால் எனக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் வந்து நிற்கும்.

தாலூகா சட்டப் பணிகள் குழுவின் உதவி யாருக்கு உண்டு என்பதில் நம் ஊரில் இன்னமும் குழப்பம். பெண் என்றால் போதும், குழந்தை என்றால் போதும். வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிகள், காவலில் இருப்பவர்கள், கடலேற்றம் போன்ற பேரிடரில் அடிபட்டவர்கள், இவர்களுக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்குக் கேரளத்தில் ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய் என்ற வரம்பு. வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், சம்மன் செலவு, நகல் எடுக்கும் செலவு, ஆவணத்தை மொழிபெயர்க்கும் செலவு வரை குழு ஏற்கும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும். குழு அமர்த்திய வக்கீல் கட்சிக்காரரிடம் காசு வாங்கக் கூடாது. வீட்டிலிருந்தே கேட்க 15100 என்ற எண் உண்டு.

மொழிபெயர்ப்புச் செலவு என்று ஒரு சொல் அதில் இருப்பதைப் பாறசாலை, காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடைப் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதும் உரிமையையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் தமிழ் வாசிக்கும் தன்னார்வத் தொண்டர் திண்ணையில் இல்லாவிட்டால் உரிமை ஏட்டில்தான் இருக்கும். இந்த மலரை வாசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், இரண்டு மொழியும் தெரிந்த இளம் பிள்ளைகளும் சட்டத் தொண்டர் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வக்கீல் படிப்பு வேண்டியதில்லை. ஒரு சம்மனில் தேதி எங்கே இருக்கிறது, எந்தக் கோர்ட், எத்தனையாவது நாள் என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

அம்மச்சியை மறுநாள் காலை நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வெள்ளைத் தாளில் விண்ணப்பம், ரேஷன் கார்டு நகல், சம்மன். குழு ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்தது. கெடுவுக்குள் பதில் தாக்கலானது. சங்கு முத்திரைப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதிய இடத்தில் 'கிழக்கு, நடைவழி' என்று இரண்டே சொல் இருந்ததை அந்த வக்கீலம்மாதான் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தார்.

வழக்கு பிறகு, சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்கு அனுப்பப்பட்டது. 1982-இல் குஜராத்தின் ஊனா என்ற ஊரில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய முறை, இன்று சட்டத்தின் பலத்தோடு நடக்கிறது. அதாலத்தில் எழுதும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, செலுத்திய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தார்கள். புரயிடத்துக்காரரும் வசதியானவர் அல்ல. மகளுக்கு அந்த இடத்தில் வீடு வைக்க நினைத்தவர், நடுவே வழி போனால் அஸ்திவாரம் போட முடியாது என்பதுதான் அவர் கவலை. நடுவே போன வழியைக் கிழக்கு எல்லையோரம் மூன்றடி அகலத்தில் மாற்றிக்கொள்வது என்று முடிந்தது. கட்டணம் திரும்பி வரும் என்று கேட்டபோது அவர் முகமும் கொஞ்சம் தெளிந்தது.

முடிவை மலையாளத்தில் வாசித்து, தமிழில் சொல்லி, கையெழுத்துக்கு நீட்டினார்கள். பெருவிரலுக்கு மை எடுத்த ஊழியரைத் தடுத்துவிட்டு அம்மச்சி பேனாவை வாங்கினாள். தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் எழுதி முடிக்க நேரம் பிடித்தது; எல்லாரும் காத்திருந்தார்கள். இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுத்த நகலை நாலாக மடித்து ஜவுளிக்கடைக் கவரில் வைத்தாள். பன்னிரண்டாவது காகிதம். பஸ்ஸில் திரும்பும்போது அதை எடுத்து என் கையில் கொடுத்து, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.