மூட்டைப்பூச்சியும் வீட்டுக்காரர் கடமையும்



"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. சிறு தொல்லைக்காகப் பெரும் பொருளை இழக்கக் கூடாது என்பது அதன் கருத்து. ஆனால் அந்த வீடு யாருடையது என்பதைப் பழமொழி சொல்லவில்லை. வீடு நம்முடையதாக இருந்தால் அதைக் காப்பதும் நம் பொறுப்பே. அதுவே தோட்டத்தின் லயத்து வீடாகவோ, பிறர் வாடகைக்கு விட்ட வீடாகவோ இருந்தால் பூச்சியை ஒழிக்க வேண்டியவர் யார்? செலவை ஏற்க வேண்டியவர் யார்? கேட்பதற்கு இது சிறிய கேள்விதான். ஆயினும் நீதிமன்றங்களும் அரசாங்கங்களும் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு விடை தேடி வந்துள்ளன. ஜொகூரின் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. அதனை இன்று பார்ப்போம்.

முதலில் இந்தப் பூச்சியின் இயல்பைத் தெரிந்து கொள்வது நல்லது. மனிதரை நாடும் மூட்டைப்பூச்சியில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு. குளிர் நாடுகளில் பரவலாகக் காணப்படுவது ஒன்று. நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் மிகுதியாகக் காணப்படுவது மற்றொன்று. இரண்டுக்கும் இரத்தமே உணவு. பகலில் ஒளிந்திருந்து இரவில், அதிலும் விடியலுக்கு முன்னுள்ள நேரத்தில், வெளிவந்து கடிக்கும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஐந்து முறை தோலுரித்துத்தான் முழுப் பூச்சியாகிறது. ஒவ்வொரு முறை தோலுரிப்பதற்கு முன்னும் அதற்கு ஒரு வேளை இரத்தம் வேண்டும். பெண் பூச்சி தன் வாழ்நாளில் இருநூறு முட்டைகளுக்குக் குறையாமல் இடக்கூடும்.

அது ஒளியும் இடத்தைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கட்டிலின் இணைப்பு, மெத்தையின் தையல், பலகைச் சுவரின் இடுக்கு, ஆணித் துளை, பெயர்ந்த சுண்ணாம்புப் பூச்சு ஆகியவை அதன் இருப்பிடங்கள். அது அழுக்கைத் தின்று வாழ்வதில்லை. நாள்தோறும் பெருக்கித் துடைக்கும் வீட்டிலும் சுவரில் விரிசல் இருந்தால் குடியேறிவிடும். பெட்டி படுக்கையோடும் பழைய நாற்காலியோடும் ஊர்விட்டு ஊர் செல்லும். ஆகவே மூட்டைப்பூச்சி உள்ள வீட்டார் சுத்தமற்றவர்கள் என்று எண்ணுவது தவறு. இந்தத் தவறான எண்ணத்தால் பல குடும்பங்கள் வெட்கப்பட்டு வாய் திறவாமல் இருந்துவிடுகின்றன. அந்த மௌனத்தில் பூச்சி பெருகுகிறது. வீட்டுக்காரரும் பொறுப்பிலிருந்து தப்பிவிடுகிறார்.

இது ஏழைகளின் வீட்டுக்கு மட்டும் வரும் தொல்லையன்று என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கே சான்று. 1842ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பிரைட்டன் என்ற கடற்கரை நகரில் சர் தாமஸ் மராபிள் என்ற பிரபு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி எல்லாம் அடங்கிய வீடு அது. வாடகை வாரத்திற்கு 8 கினி. அக்காலத்தில் அது பெருந்தொகை. குடியேறியவுடனேயே படுக்கையறைகளில் மூட்டைப்பூச்சி நிறைந்திருப்பதைக் குடும்பத்தார் கண்டனர். முறையிட்டதன் பேரில் பூச்சியை ஒழிக்க முயற்சி நடந்தது, பயனில்லை. ஒரு வார வாடகையைக் கொடுத்துவிட்டு அவர்கள் வீட்டைக் காலி செய்தனர். மீதி வாரங்களுக்கும் பணம் வேண்டுமென்று ஸ்மித் என்ற வீட்டு உரிமையாளர் வழக்குத் தொடுத்தார்.

1843ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால், அது மனிதர் குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அந்த நிபந்தனை அதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே குடியிருந்தவர் வெளியேறியது சரியே என்று நீதிபதிகள் கூறினர். ஒரு பூச்சியின் காரணமாகச் சட்டத்தில் ஒரு புதிய நெறி பிறந்தது.

ஆனால் அந்த நெறி வெகுதூரம் செல்லவில்லை. அடுத்து ஹார்ட் என்பவருக்கும் வின்ட்சர் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கிலும் மூட்டைப்பூச்சியே காரணம். ஆயினும் அது சாமான்கள் இல்லாத வெறும் வீடு. வெறும் வீட்டுக்கு அத்தகைய நிபந்தனை கிடையாது, எடுப்பவர்தான் பார்த்து எடுக்க வேண்டும் என்று அந்த வழக்கில் தீர்ப்பாயிற்று. பணக்காரர்கள் கோடை விடுமுறைக்கு எடுக்கும் வீட்டிற்குப் பாதுகாப்புக் கிடைத்தது. தொழிலாளி தன் பாயைச் சுருட்டிக் கொண்டு குடியேறும் வெறும் வீட்டிற்குக் கிடைக்கவில்லை. குறைந்த வாடகை வீடுகளும் குடியிருக்கத் தகுந்தவையாக இருக்க வேண்டும் என்று 1885ஆம் ஆண்டில்தான் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் செய்தது.

அந்த இங்கிலாந்தின் மூலதனமும் ஆதிக்கமும் இந்த நாட்டிற்கு வந்தபோது நம் முன்னோர் எத்தகைய வீட்டில் குடியேறினர் என்பதை இனிப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரின் காடுகள் அழிக்கப்பட்டு இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1909ஆம் ஆண்டில் ஜொகூர் வழியாக இரயில் பாதை முடிந்தபின் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் ஆகிய பகுதிகளில் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்களைத் தோட்டத்தார் லயங்களில் குடியமர்த்தினர்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே ஒரு பலகைதான் தடுப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய லயங்களில் பின்புறமும் வேறொரு குடும்பம் இருக்கும். பலகை காய்ந்து சுருங்கும்போது இடுக்கு விழும். ஓர் அறையில் கொதிநீர் ஊற்றினால் பூச்சி இடுக்கு வழியே அடுத்த அறைக்குப் போகும்; அங்கே மண்ணெண்ணெய் பூசினால் திரும்பி வரும். கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டினாலும் சுவருக்குள் உள்ளது சுவரிலேயே இருக்கும். ஒரு குடும்பம் எவ்வளவு பாடுபட்டாலும் லயம் முழுவதையும் ஒரே நாளில் மருந்தடித்து, இடுக்குகளை அடைத்து, பழுது பார்க்காதவரை பயனில்லை. அதைச் செய்யக்கூடியவர் ஒருவரே: லயத்தின் சொந்தக்காரர். அவரே வேலை கொடுப்பவரும் ஆவார்.

இங்கேதான் நம் மக்களின் நிலை பிரைட்டன் பிரபுவின் நிலையிலிருந்து வேறுபட்டது. அவருக்கு வீடு பிடிக்கவில்லை, வெளியேறினார். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலையை விட்டால் வீடு போகும். வீட்டைக் குறை சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற அச்சம். வாடகை வாங்காத வீட்டுக்கு என்ன முறையீடு என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த வீடு தருமமன்று; தோட்டத்தின் அருகிலேயே ஆள் இருக்க வேண்டும் என்ற தேவைக்காகக் கட்டப்பட்டது. அதன் விலை தொழிலாளியின் உழைப்பிலேயே அடங்கியிருந்தது.

தனி மனிதர் பேச முடியாத இடத்தில் சட்டம் பேச வேண்டியதாயிற்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஜொகூருக்கும் தனியே தொழிலாளர் சட்டம் ஒன்று இருந்தது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தை அடுத்து, இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் மலாயாவில் நியமிக்கப்பட்டார். தோட்டங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது அவர் பணிகளுள் ஒன்று. 1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபின், முறையீட்டை எடுத்துச் சொல்லத் தொழிலாளிக்கு ஒரு கூட்டுக் குரல் கிடைத்தது.

விடுதலைக்குப் பின் 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990ஆம் ஆண்டில் விரிவான சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 446ஆம் சட்டம் என்று அதனைக் குறிப்பிடுவர். கட்டடத்தைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அது தெளிவாகக் கூறுகிறது. குடியிருப்பை வாரந்தோறும் தோட்ட மருத்துவ உதவியாளர், அதாவது நாம் டிரசர் என்று அழைப்பவர், சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் உண்டு. லயத்துக்குள் டிரசர் வந்து பார்ப்பது சலுகையன்று, சட்டம் கேட்பது.

இதற்கிடையில் மருந்தின் வரலாறும் ஒன்று உண்டு. டிடிடி என்ற பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939ஆம் ஆண்டில் பால் முல்லர் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது பல நாடுகளில் மூட்டைப்பூச்சியை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. ஆனால் 1947ஆம் ஆண்டிலேயே ஹவாய்த் தீவின் பேர்ல் துறைமுகத்தில், அந்த மருந்துக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. பின்னர் வந்த மருந்துகளையும் அவை எதிர்த்து நிற்கப் பழகின. இந்த நூற்றாண்டில் அவை உலகெங்கும் மீண்டும் பெருகியிருக்கின்றன. ஆகவே கடையில் வாங்கிய ஒரு டின் மருந்தை அடித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று வீட்டுக்காரர் சொன்னால் அது போதாது. உயர்ந்த வெப்பத்தினாலும், இடுக்குகளை அடைப்பதாலும், சில வாரங்கள் கழித்து மறுமுறை சோதித்து மருந்தடிப்பதாலும்தான் முழுப்பயன் கிடைக்கும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், இரப்பர் போய்ச் செம்பனை வந்தும், நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டும் பல்லாயிரம் குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின. ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் பகுதிகளில் வாடகை வீடு தேடிக் குடியேறினர். அப்போது அவர்கள் அறியாமலே இழந்த ஒன்று உண்டு. லயத்து வீட்டுக்கு ஒரு தனிச்சட்டம் காவலாக இருந்தது; தாமான் வாடகை வீட்டை அந்தச் சட்டம் தொடர்வதில்லை. அங்கே ஒப்பந்தமே பெரும்பாலும் சட்டம். ஒப்பந்தத்தில் பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், பிரைட்டன் வழக்கின் பழைய வேறுபாடே மீண்டும் எதிரே வந்து நிற்கக்கூடும்: சாமான்களோடு வந்த வீடா, வெறும் வீடா?

ஆகவே கையெழுத்திடுமுன் சிலவற்றைச் செய்வது நலம். வீட்டைப் பகலில் பார்த்து, சுவர் இடுக்குகளிலும் கட்டில் இணைப்புகளிலும் கறுப்புப் புள்ளிகள் உள்ளனவா என்று நோக்குங்கள். இருந்தால் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக் கொள்ளுங்கள். குடியேறும்போது பூச்சியில்லாத வீடாகத் தரவேண்டும், பின்னர் கட்டடத்தின் பழுதால் வந்தால் ஒழிக்கும் செலவு வீட்டுக்காரருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மலாயில் இதனைப் 'பெபிஜாட்' என்பர்; அந்தச் சொல்லே பத்திரத்தில் இருக்கட்டும். பத்திரத்துக்கு முத்திரை வரி செலுத்துங்கள். இல்லையேல் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது.

பூச்சியைக் கண்டால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். கோபித்துக்கொண்டு வாடகையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அது வீட்டுக்காரர் கையில் ஆயுதமாகிவிடும். அதேபோல, முறையிட்டதற்காக உங்கள் சாமானை வெளியே எறியவும் பூட்டை மாற்றவும் அவருக்கு உரிமையில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் குடியிருப்பவரை நீதிமன்றத்தின் வழியாகவே வெளியேற்ற வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் கூறுகிறது. முன்பணத்தை நியாயமின்றிப் பிடித்துக் கொண்டால், 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே சிறு கோரிக்கை வழக்குத் தொடரலாம்.

நமக்கும் கடமை உண்டு என்பதை மறத்தலாகாது. குப்பையோரம் கிடந்த பழைய மெத்தையை வீட்டுக்குள் கொண்டுவந்து பூச்சியைச் சேர்த்துக் கொண்டால் பொறுப்பு நம்முடையது. அண்டை வீட்டில் மருந்தடிக்க வரும்போது நம் கதவைப் பூட்டிக் கொண்டால் இருவருக்கும் கேடு.

446ஆம் சட்டம் 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. தோட்டத்திற்கு வெளியே தொழிற்சாலை விடுதிகளில் தங்கும் தொழிலாளர்களையும் அது தழுவியது. ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டில், 4 அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுள்ள அலமாரி தரவேண்டும் என்று அதன் விதிகள் கூறுகின்றன. சான்றிதழ் இல்லாத விடுதியில் ஆட்களைத் தங்க வைக்கும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். நேற்று நம் பாட்டன்மார் லயத்தில் பட்டதை இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் விடுதியில் படக்கூடாது என்பதற்கு இது ஒரு வழி.

சுவர் யாருடையதோ, சுவரின் விரிசலும் அவருடையதே. இந்த நெறி ஒரு பிரபுவுக்கு எளிதில் கிடைத்தது. தோட்டத் தொழிலாளிக்குச் சட்டம், சங்கம், முறையீடு எனப் படிப்படியாக வந்தது. அதை நாம் வெட்கத்தால் இழந்துவிடக் கூடாது. உங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தால் அது பேசக் கூடாத செய்தியன்று. ஒரு தாளை எடுத்து, தேதியிட்டு, வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக் கொள்ளுங்கள்.