யாரும் எடுக்காத டெபாசிட்

இங்கே எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் குளோசிங், அப்புறம் ஆடிட், நடுவில் பையனோட போர்டு பரீட்சைன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. நாக்பூர் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பிச்ச நேரத்தில், டென்வரில் இருக்கும் தம்பி "அண்ணா, இந்தத் தடவையாவது வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டான். எங்கள் எல்.எஃப்.சி.யில் வெளிநாடு கிடையாது. எல்லாம் சொந்தக் காசு. டிக்கெட் விலையைப் பார்த்துட்டு நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். தங்கமணி யோசிக்கவே இல்லை :-)

நயாகரா, டிஸ்னி பற்றியெல்லாம் ஏற்கனவே நிறையப் பேர் எழுதிட்டாங்க. தம்பி எங்களைக் கூட்டிக்கிட்டுப் போனது வேற பக்கம். டென்வரிலிருந்து வடக்கே வயோமிங், அங்கிருந்து தெற்கு டகோட்டா. கௌபாய் படத்தில் வருமே, அந்தப் பழைய மேற்கு. கிளம்பும்போதே சொன்னான்: "அங்கே ஒரு பேங்க் கணக்குக் கதை இருக்கு. உனக்குன்னே வெச்ச மாதிரி."

கதை ஆரம்பிக்கிற இடம் லாரமி கோட்டை. டென்வரிலிருந்து காரில் மூணு மணி நேரத்துக்கு மேல். கோட்டைன்னதும் செஞ்சி, வேலூர் மாதிரி மதில் அகழியெல்லாம் தேடாதீங்க. ஆற்றோரமா ஒரு பெரிய புல்வெளி, சுத்திலும் சில கட்டடங்கள், அவ்வளவுதான். 1834இல் தோல் வியாபாரிகள் போட்ட கடைதான் இது. 1849இல் அமெரிக்க ராணுவம் 4,000 டாலருக்கு வாங்கியது. அந்த வருஷமே கட்ட ஆரம்பிச்ச 'ஓல்ட் பெட்லம்' என்ற ரெண்டு மாடி மரக்கட்டடம் இன்னும் நிக்குது. கல்யாணமாகாத அதிகாரிகள் தங்கின இடம். அவங்க போட்ட கூச்சலில்தான் அந்தப் பேர் வந்ததாம். நம்ம பேச்சிலர் மெஸ் ஞாபகம் வந்தது.

பக்கத்து ஊர் கெர்ன்சியில் மறக்காமல் பார்க்க வேண்டியது ஒண்ணு உண்டு. ஆரிகானுக்கும் கலிபோர்னியாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் மாட்டு வண்டிகள் ஒரே பாதையில் போய்ப்போய், மணற்கல் பாறையே சில இடங்களில் அஞ்சடி ஆழம் வரை தேய்ஞ்சிருக்கு. பையன் உள்ளே இறங்கி நின்னான். நெஞ்சு வரைக்கும் பாறை. ஊரை விட்டுப் பிழைக்கப் போகிற கூட்டம்னா என்னன்னு அந்தத் தடத்தைப் பார்த்தால் புரியும். நாமளும் அந்த ஜாதிதானே.

ஆனால் அந்தப் பாதை போனது அடுத்தவர் பூமி வழியாக. லகோட்டா மக்கள், அமெரிக்கச் சரித்திரப் புத்தகங்களில் 'சூ' என்று வருகிறவர்கள், சும்மா விடவில்லை. அவர்கள் தலைவர்களில் ஒருவரான ரெட் க்ளவுட் ராணுவத்தோடு ரெண்டு வருஷம் சண்டை போட்டார். வடக்கே கட்டின மூணு கோட்டைகளைக் காலி செய்தால்தான் கையெழுத்து என்றார். ராணுவம் காலி செய்தது. 1868 நவம்பரில் இதே லாரமி கோட்டைக்கு வந்து உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பத்திரத்தில் என்ன இருந்தது? இன்றைய தெற்கு டகோட்டாவில் மிசௌரி ஆற்றுக்கு மேற்கே இருக்கிற பூமி முழுக்க சூ மக்களுக்கு. அவங்க புனிதமா நினைக்கிற ப்ளாக் ஹில்ஸ் மலைகளும் அதில் அடக்கம். வெள்ளைக்காரர் யாரும் குடியேறக் கூடாது. பன்னிரண்டாவது பிரிவு ரொம்ப முக்கியம். பின்னாடி நிலத்தை விட்டுக் கொடுப்பதானால், வயது வந்த ஆண்களில் நாலில் மூணு பேராவது கையெழுத்துப் போட வேண்டும். இல்லைன்னா செல்லாது.

கையெழுத்து விஷயத்தில் வங்கிக்காரனுக்குக் கண் கொஞ்சம் கூர்மை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆறே வருஷம். 1874இல் கஸ்டர் என்ற அதிகாரி சுமார் ஆயிரம் பேரோடு ப்ளாக் ஹில்ஸுக்குள் போனார். தங்கம் இருக்குன்னு செய்தி வந்தது. அவ்வளவுதான், கூட்டம் கூட்டமாக உள்ளே புகுந்தார்கள். லாரமி கோட்டைக்குப் போகிற வழியில் 1875இல் ராணுவம் கட்டின ஒரு இரும்புப் பாலம் இன்னும் இருக்கு. உடன்படிக்கை கையெழுத்தான கோட்டை வாசலிலேயே இருந்த அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் தங்கம் தேடுகிற கூட்டமும் போனது.

1875இல் அரசாங்கம் மலைகளுக்கு விலை பேசியது. மொத்தமாக 60 லட்சம் டாலர், அல்லது வருஷத்துக்கு 4 லட்சம் குத்தகை. லகோட்டாக்கள் ஒத்துக்கவில்லை. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் சண்டை. கஸ்டர் செத்தார். ஆகஸ்டில் காங்கிரஸ் பழி தீர்த்தது: மலைகளை எழுதிக் கொடுக்காவிட்டால் ரேஷன் கிடையாது. வேட்டைக்கு வழியில்லாமல் ரேஷனை நம்பியிருந்த ஜனங்களிடம் இப்படி. அப்படியும் கையெழுத்துப் போட்டது பத்து சதவிகிதம் ஆண்கள்தான். 75 வேண்டிய இடத்தில் 10! ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட்டில் இப்படி ஒரு செக்கை நான் பாஸ் பண்ணியிருந்தால் அன்னிக்கு சாயங்காலமே சஸ்பென்ஷன். அமெரிக்க காங்கிரஸ் 1877 பிப்ரவரி 28 அன்று பாஸ் பண்ணியது. மலைகள் கை மாறின.

இவ்வளவையும் கேட்டுக்கிட்டே மறுநாள் அந்த மலைகளுக்குள் போனோம். என்ன அழகு என்கிறீர்கள்! பைன் மரக்காடு, நடுவில் ஊசி ஊசியாக நிக்கிற கருங்கல் பாறைகள். நீடில்ஸ் சாலையில் ஒரு குகைப்பாதை சுமார் எட்டடி அகலம்தான். தம்பி கண்ணாடியை மடக்கிட்டு ஓட்டினான். தங்கமணி கண்ணை மூடிக்கிட்டாங்க. சில்வன் ஏரிக்கரையில் கட்டுச்சாதம் பிரிச்சோம். புளியோதரைக்கும் அப்பளத்துக்கும் அந்த ஏரி ரொம்பப் பொருத்தம்.

கஸ்டர் ஸ்டேட் பார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைசன்கள். நம்ம ஊர் காட்டெருமைக்குச் சடையும் தாடியும் வெச்ச மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்து, சுட்டுச் சுட்டு ஒழிச்சு, கடைசியில் சில நூறுதான் மிச்சம். இந்தப் பார்க்கில் 1914இல் 36 பைசன்களை விலைக்கு வாங்கி விட்டு மந்தையைப் பெருக்கினார்கள். லகோட்டாக்களின் சாப்பாடு, கூடாரம், உடுப்பு எல்லாமே இந்த மிருகம்தான். அது போனதால்தான் அவங்க ரேஷன் வரிசையில் நிற்க வேண்டி வந்தது.

ஏரிக்கரையிலிருந்து இந்த மாநிலத்தின் உயரமான சிகரத்துக்கு நடைபாதை போகுது. 7,242 அடி. போய் வர ஏழு மைல் என்பதால் நானும் பையனும் மட்டும் ஏறினோம். லகோட்டாக்களைக் கொன்ற ஹார்னி என்ற ஜெனரலின் பேர்தான் அதுக்கு ரொம்ப காலம் இருந்தது. 2016இல் பிளாக் எல்க் என்ற லகோட்டா பெரியவரின் பேரை வெச்சிருக்காங்க. உச்சியில் 1930களில் கட்டின ஒரு கல் கோபுரம். சுத்திலும் மலை, மலை, மலை. பையன் கேட்டான், "அப்பா, இது முழுக்கவா எடுத்துக்கிட்டாங்க?"

ஆமாம், முழுக்க.

ரஷ்மோர் மலையில் நாலு ஜனாதிபதிகளின் முகம், ஒவ்வொண்ணும் 60 அடி. 1927இல் தொடங்கி 1941 வரை வெடி வெச்சுச் செதுக்கியது. பிரமாண்டம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனால் யாருடைய மலை என்று தெரிஞ்ச பிறகு பார்க்கிற பார்வையே வேறயாயிடுது. கொஞ்ச தூரத்திலேயே லகோட்டா வீரர் க்ரேஸி ஹார்ஸின் சிலையை 1948இலிருந்து செதுக்கிக்கிட்டு இருக்காங்க. முகம் முடிஞ்சது 1998இல். மீதி இன்னும் பாக்கி.

அடுத்து டெட்வுட். தங்க வேட்டையில் முளைச்ச ஊர். இப்போ தெரு முழுக்க சூதாட்ட விடுதி. 1876 ஆகஸ்டில் வைல்ட் பில் ஹிக்காக் என்ற புகழ் பெற்ற துப்பாக்கி வீரரை சீட்டாட்ட மேஜையில் ஜாக் மெக்கால் என்பவன் பின்னாலிருந்து சுட்டான். ஊர்க்காரர்கள் தாங்களே ஒரு கோர்ட் வெச்சு அவனை விடுதலை பண்ணிட்டாங்க. ஆனால் அரசாங்கம் அவனை மறுபடி பிடிச்சு விசாரித்தது. ஒரே குற்றத்துக்கு ரெண்டு விசாரணை எப்படி? டெட்வுட் இருப்பதே இந்தியர் பூமியில், அங்கே சட்டப்படி கோர்ட்டே கிடையாது, அதனால் முதல் விசாரணை செல்லாது என்றார்கள். 1877 மார்ச் 1 அன்று அவனைத் தூக்கில் போட்டார்கள். தேதியைப் பாருங்க. அந்த பூமியை எடுத்துக்கிட்ட சட்டம் வந்ததுக்கு மறுநாள்!

பக்கத்து ஊர் லீட். அங்கே ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். 2002இல் மூடும் வரை சுமார் 4 கோடி அவுன்ஸ் தங்கம் எடுத்திருக்காங்க. ஆயிரத்து இருநூறு டன்னுக்கு மேல். இப்போ அந்தச் சுரங்கத்தின் அடியில் நியூட்ரினோ ஆராய்ச்சி நடக்குது.

சரி, பேங்க் கணக்குக்கு வருவோம். சூ மக்கள் 1923இல் கேஸ் போட்டாங்க. தள்ளுபடி, மறுபடி வேறு ஆணையம், மறுபடி கோர்ட் என்று இழுத்து, 1980 ஜூன் 30 அன்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. நிலத்தை எடுத்ததுக்கு நியாயமான நஷ்டஈடு தரப்படவில்லை, தந்தாக வேண்டும் என்று 8 நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். 1877இல் நிலத்தின் மதிப்பு 1 கோடியே 71 லட்சம் டாலர். அதற்கு வருஷத்துக்கு 5 சதவிகிதம் வட்டி.

மோட்டல் அறையில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். வருஷ வட்டி எட்டரை லட்சம் டாலர் சொச்சம். 103 வருஷத்துக்கு 8 கோடியே 80 லட்சம். அசலோடு சேர்த்து சுமார் பத்தரைக் கோடி டாலர். தீர்ப்புத் தொகையும் அதேதான், கணக்கு டாலி ஆகுது. ஆனால் இது தனிவட்டி! இதையே கூட்டுவட்டியாகப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட 260 கோடி டாலர் வந்தது. நம்ம கடனுக்கு மட்டும் கூட்டுவட்டி போடத் தெரியும் எல்லாருக்கும்.

விஷயம் அதோடு முடியலை. சூ மக்கள் அந்தப் பணத்தை வாங்கவே இல்லை. "நாங்க விக்கலை. எங்களுக்கு மலைதான் வேணும்" என்று சொல்லிட்டாங்க. பணம் அரசாங்கக் கணக்கில் கிடந்து குட்டி போட்டு, நூறு கோடி டாலரைத் தாண்டி வளர்ந்துக்கிட்டே இருக்கு.

தம்பி சொன்னதும் என் வாயில் வந்தது, "முட்டாள்தனம்டா. எடுத்து நாலு பள்ளிக்கூடம் கட்டலாம், டெபாசிட் பண்ணி வருஷா வருஷம் வட்டியைப் பிரிச்சுக்கலாம்." இருபது வருஷ சர்வீஸ் அப்படித்தான் பேச வைக்கும்.

மறுநாள் பேட்லேண்ட்ஸ் போனோம். மண்ணே அலை அலையாக, ரோஜா நிறமும் மஞ்சளுமாக. அதன் தென்பகுதி பைன் ரிட்ஜ் என்ற லகோட்டா ஒதுக்கீட்டு பூமிக்குள் வருது. அங்கேதான் வூண்டட் நீ. 1890 டிசம்பர் 29 அன்று, பெண்கள் குழந்தைகள் உட்பட 250 பேருக்கு மேல் ராணுவம் சுட்டுக் கொன்ற இடம். ஒரு மேடு, ஒரு கல்லறை, காத்து. நாங்க போட்டோ எடுக்கலை. வழியில் பார்த்த வீடுகள் பலதும் பழைய டிரெய்லர்கள். அமெரிக்காவிலேயே ரொம்ப ஏழ்மையான பகுதிகளில் இதுவும் ஒண்ணு.

அந்த நிலைமையிலும் வேண்டாம் என்கிறார்கள். தங்கமணி பின் சீட்டிலிருந்து கேட்டாங்க, "ஏங்க, உங்க பேங்க்ல யாரோ வந்து உங்க அக்கவுண்ட்ல பணம் போட்டுட்டு, உன் வீடு இனிமே என்னுதுன்னா ஒத்துப்பீங்களா?" எனக்குப் பதில் வரலை.

திரும்பி வந்து படிச்சப்போ ஒண்ணு கிடைச்சது. 2012இல் ப்ளாக் ஹில்ஸின் நடுவில் பே ஸ்லா என்ற புனிதப் புல்வெளி விற்பனைக்கு வந்தது. சூ இனக்குழுக்கள் ஒண்ணு சேர்ந்து, நன்கொடை திரட்டி, சுமார் 1,900 ஏக்கரை 90 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்கள். தங்களுடையது என்று சொல்லிக்கிட்டு இருக்கிற நிலத்தைக் காசு கொடுத்து! அப்போதும் அந்தப் பெரிய கணக்கைத் தொடவில்லை.

எங்கள் கிளையில் பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டுகளைப் பட்டியல் எடுத்து ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்புவோம். மறந்தவர்கள், செத்தவர்கள், வாரிசு தெரியாதவர்கள். போன வாரம் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போது பைன் ரிட்ஜ் ஞாபகம் வந்தது. அந்தக் கணக்கின் சொந்தக்காரர்கள் மறக்கவும் இல்லை, காணாமலும் போகலை. அவங்க செய்தது சரியா என்று சொல்ல நான் யார், பசி அவங்களுடையது. முட்டாள்தனம் என்று சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேன்.

பி.கு: போகிறவர்களுக்கு. மே கடைசி முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் நீடில்ஸ் சாலையை மூடிடுவாங்க. லாரமி கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ரஷ்மோரில் பார்க்கிங்குக்கு மட்டும் காசு. பைசன் சாலையில் நின்றால் காரை விட்டு இறங்காதீங்க. சைவம் என்றால் ரைஸ் குக்கரும் ஊறுகாயும் கூடவே போகட்டும்.