பறவாத விமானங்கள்

மனத்தில் எழுந்த கற்பனைக்குக் கோடுகளால் உருவம் கொடுத்துவிட்டால், காண்பவர் கண்ணுக்கு அது மெய்யாகவே தோன்றும். 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலின் படங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

பெங்களூருக்கு அண்மையிலுள்ள ஆனேக்கல்லில் வாழ்ந்த சுப்பராய சாஸ்திரி, 1918 முதல் 1923 வரை வடமொழிச் சுலோகங்களைச் சொல்லிவர, வெங்கடாசல சர்மா அவற்றை எழுதினார். அவை பரத்துவாச முனிவர் அருளியவை எனப்பட்டன. அவற்றுக்கேற்ப, பொறியியல் கல்லூரியொன்றைச் சார்ந்த வரைவாளர் எல்லப்பா, 1923-இல் சகுன, சுந்தர, ருக்ம, திரிபுர விமானங்களை வரைந்தார். சகுன விமானத்திற்குப் பறவைபோல் இறக்கையும் வாலும் அமைந்தன. அவற்றுள் ஒன்றேனும் வானில் எழவில்லை.

1973-இல் மைசூரில் ஜோஸ்யர் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது இப்படங்களும் அச்சேறின. மறு ஆண்டே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த முகுந்தா முதலிய ஐவர் நூலை ஆராய்ந்தனர். மொழிநடை பழமையுடையதன்று, நூல் 1904-க்கு முற்பட்டதன்று, வடிவங்கள் பறக்கும் இயல்பினவல்ல என்பன அவர்தம் முடிவுகள். ரைட் சகோதரர் பறந்தது 1903 திசம்பர் 17 என்பதை இங்கு நினைவுகூர்க. படங்களில் தோன்றும் இயந்திர அறிவு எல்லப்பாவின் கல்லூரிச் சூழலால் வந்தது என்றும் அவர்கள் விளக்கினர்.

எல்லப்பாவைக் குறைகூறுதல் தகாது. கேட்டதை அவர் வரைந்தார். கண்டதை ஆராயாது நம்பியவருள் யானும் ஒருவன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் அப்படமொன்றைப் பெரிதாக வரைந்து, 'முன்னோர் கண்ட விமானம்' எனத் தலைப்பிட்டு வகுப்பறையில் மாட்டினேன். "இஃது எங்கே பறந்தது, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். விடையின்றி நின்றேன். பெருமைக்காக உண்மையை ஈடுவைத்த நாணம் இன்றும் தீரவில்லை.

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவியை ஏற்றியனுப்பும் மயிற்பொறி இருக்கிறது. புறநானூற்றிலும் வானவூர்தி பேசப்படுகிறது. இவை கவிஞர் உள்ளத்தின் உயரத்தைக் காட்டுவன. கற்பனையைக் கற்பனையென்று கற்பித்தால் அதன் அழகு குன்றாது. அதனைப் பொறியியலென்று கற்பித்தாலோ, மாணவன் இலக்கியச் சுவையையும் இழப்பான். அறிவியல் தெளிவையும் இழப்பான்.

இன்று குனோங் ராபாட்டில் என் மாணவரிடம் அப்படத்தைக் காட்டும்போது தலைப்பை மாற்றியே காட்டுகிறேன்: '1923-இல் வரையப்பெற்றது, பறந்ததில்லை.' அதன்பின் அவர்கள் கேட்கும் கேள்விகளே நல்ல பாடமாகின்றன.