பில்ட் ஃபெயில்ட்: மேல்பாக்கம் வந்து சேர்ந்த சிவப்பு வரி

திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்று இருக்கிறது. 2008-ல் தொடங்கியது. அதே ஆண்டில் விழுப்புரத்திலும் ஒன்று தொடங்கினார்கள். மார்ச் மாதம் வந்துவிட்டால், தமிழ்நாட்டின் மற்றப் பொறியியல் கல்லூரிகளைப் போலவே இங்கும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் காலம். போன வருஷம் சீனியரின் லேப்டாப்பில் நன்றாக ஓடிய ஜாவா ப்ராஜெக்ட், இந்த வருஷம் ஜூனியரின் லேப்டாப்பில் ஓடாது. நிரலில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. திரையில் மட்டும் சிவப்பாக ஒரு வரி வரும்: ‘பில்ட் ஃபெயில்ட்’. நிரல் எழுதப் பயன்படும் ஈக்லிப்ஸ் மென்பொருளை அழித்து மறுபடி போடுவார்கள், ஜாவாவை மறுபடி போடுவார்கள், சிலர் விண்டோஸையே மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். ரிவ்யூ தேதி நெருங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த வரிக்கும் மாணவரின் திறமைக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் ஒரு வார இறுதியில் எடுத்த முடிவு, ஒரு பதிப்புரிமை வழக்கு, இரண்டு அமைப்புகளுக்கு இடையே முறிந்துபோன ஒரு பேச்சுவார்த்தை எல்லாம் சேர்ந்துதான் அதை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன.

1976 ஏப்ரல். நியூ ஜெர்சி மாநிலம் முர்ரே ஹில்லில் பெல் ஆய்வகம். யாக் என்ற கருவியை எழுதிப் புகழ்பெற்றிருந்த ஸ்டீவ் ஜான்சன், சக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் திட்டிக்கொண்டே நுழைந்தார். நிரலில் இருந்த பிழையை அவர் திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டார். பழைய கோப்பே இணைந்து ஓட, சரியாக இருந்த நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதே வீணாகியிருந்தது. முந்தைய நாள் மாலைதான் ஃபெல்ட்மனும் அதே தொல்லையில் மாட்டியிருந்தார். அந்த வார இறுதியில் அவர் எழுதியதுதான் ‘மேக்’. மூல நிரலின் தேதி, கம்பைல் ஆன கோப்பின் தேதி இரண்டையும் அது ஒப்பிடும். மூலம் புதிதாக இருந்தால் மட்டும் மறுபடி கம்பைல் செய்யும்.

பின்னால் வந்த பில்ட் கருவிகள் பலவும் இந்தத் தேதி ஒப்பீட்டை எடுத்துக்கொண்டன. அதன் பலவீனத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன. பழைய லேப் கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். இப்போது சேமித்த கோப்பு, போன வருஷம் கம்பைல் செய்ததைவிடப் பழையது என்று கருவி நம்பிவிடும். என்ன திருத்தினாலும் பழைய நிரலே ஓடும். ஈக்லிப்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான நெட்பீன்ஸில் ‘கிளீன் அண்ட் பில்ட்’ என்று தனிப் பொத்தானே வைத்திருக்கிறார்கள். கம்பைல் ஆனவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க அதை அழுத்தினால் போதும்.

மேக் கருவியில் இன்னொரு விபத்தும் நடந்தது. கட்டளை வரிகள் ‘டேப்’ குறியோடு தொடங்க வேண்டும் என்று ஃபெல்ட்மன் வைத்தார். அப்போது புதிதாக இருந்த லெக்ஸ் கருவியோடு மல்லுக்கட்டிக் களைத்து, எளிதாகக் கைக்கு வந்ததை அவர் எழுதிவிட்டதுதான் இதற்குக் காரணம். சில வாரங்களுக்குள் பன்னிரண்டு பேர் அளவுக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டார். டேப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி இருந்தால் இன்றும் மேக் நின்றுபோகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அந்த ஒரு டஜன் நண்பர்களுக்காக லட்சக்கணக்கானோர் எரிச்சல்பட்டார்கள். ஆனாலும் மேக்கை உருவாக்கியதற்காக 2003-ம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது. அது தகுதியான விருதுதான்.

அடுத்த நிறுத்தம் மில்வாக்கி. 1980களில் கோப்புகளைச் சுருக்க ‘ஆர்க்’ என்ற மென்பொருள் இருந்தது. ஃபில் காட்ஸ் என்ற இளைஞர் அதைப் பார்த்து, அதைவிட வேகமாக ஓடும் ஒன்றை எழுதி விற்றார். ஆர்க் நிறுவனம் 1988-ல் வழக்குப் போட்டது. தன் நிரலை அப்படியே எடுத்துக்கொண்டார் என்பது புகார். சமரசத்தில் முடிந்தது. மறு ஆண்டு காட்ஸ் புதிதாக ஒரு வடிவத்தை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். அதுதான் ஜிப். 1997-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவுக்கு, கம்பைல் ஆனவற்றை ஒன்றாகக் கட்டிவைக்கும் ‘ஜார்’ கோப்பைக் கொண்டுவந்தபோது இந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டது. எந்த ஜார் கோப்பையும் நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு எழுத்து பி, கே என்று இருக்கும். ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. 2000-ல், 37 வயதிலேயே அவர் இறந்துபோனார்.

ஜிப் கோப்பில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்க்க முழுக் கோப்பையும் திருத்தி எழுத வேண்டியதில்லை என்பது அதில் ஒரு வசதி. இந்தக் கடைசிப் பட்டியல் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு அது தேவைப்படும்.

ஜாவா 1995-ல் அறிமுகமாகி, 1996 ஜனவரியில் முதல் பதிப்பாக வெளிவந்தது. கம்பைல் ஆன ஒவ்வொரு ஜாவா கோப்பின் தொடக்கத்திலும் ‘கஃபே பேப்’ என்று படிக்கக்கூடிய ஓர் அடையாள எண்ணை, ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் வைத்தார். தானும் நண்பர்களும் சாப்பிடப் போன பாலோ ஆல்டோ உணவகத்துக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப் பெயரிலிருந்து தொடங்கிய விளையாட்டு அது. அந்த அடையாளத்தை அடுத்து வருவது பதிப்பு எண். நம் மாணவர்களை அதிகம் வாட்டும் பிழைகளில் ஒன்று இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கோப்பின் பதிப்பு 61, இந்தக் கணினி ஏற்பது 52 வரைதான் என்று எரர் வரும். 61 என்று ஒரு ஜாவா கிடையாதே என்று திகைப்பார்கள். அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் போதும். 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8. சீனியர் 17-ல் கம்பைல் செய்ததை ஜூனியர் 8-ல் ஓட்டப் பார்க்கிறார் என்பதுதான் செய்தி.

பதிப்பு எண் திண்டிவனத்துக்குப் புதிதில்லை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. என்ற ஊர் அடையாளத்தோடு எண்ணும் உண்டு. டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940-ல். பிறகு எத்தனையோ புது ரகங்கள் வந்தும் ஆந்திர, கர்நாடக மானாவாரி நிலங்களில் பல பத்தாண்டுகள் அதையே விதைத்தார்கள். 2014-ல் வந்த ஜாவா 8-ஐ நிறுவனங்கள் இன்னும் விடாமல் வைத்திருப்பதும் இப்படித்தான், விளைச்சல் தெரிந்த ரகத்தை விட மனம் வராது. ஆனால் எந்த ரகம் என்று கேட்காமல் விவசாயி விதை வாங்க மாட்டார். எந்த ஜாவா என்று கேட்காமல் நாம் ப்ராஜெக்டை வாங்கிக்கொள்கிறோம்.

ஜாவா தமிழ்நாட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், இன்றைய ஜோஹோ, நெட்வொர்க் மேலாண்மைக் கருவிகளை ஜாவாவில் எழுதி வெளிநாடுகளுக்கு விற்றது. கல்லூரிப் பாடத்திலும் ஜாவா ஏறியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்ட லேப்பில் முதல் பயிற்சி, மின்கட்டண பில் போடும் நிரல். நல்ல பயிற்சி. ஆனால் அது ஒரே கோப்பில் அடங்கிவிடும், ஒரே கட்டளையில் கம்பைல் ஆகிவிடும். இப்படியே செமஸ்டர்கள் கடந்துபோக, இறுதியாண்டில் திடீரென்று நூறு கோப்பும் இருபது ஜாரும் கொண்ட ப்ராஜெக்ட் தலையில் விழுகிறது. பில்ட் என்பதை அதுவரை யாரும் தனியாகச் சொல்லிக் கொடுத்திருப்பதில்லை. என் பார்வையில் இந்தக் கதையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

நெட்பீன்ஸும் ஒரு மாணவர் ப்ராஜெக்டாகத்தான் பிறந்தது. 1996-ல் பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ‘ஸெல்ஃபி’ என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். 1999-ல் சன் அதை விலைக்கு வாங்கியது. 2001-ல் ஐபிஎம் ஈக்லிப்ஸைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இரண்டும் பில்ட் வேலையை ஒரு பொத்தானுக்குள் மறைத்தன. மறைந்தது நல்லதுதான், ப்ராஜெக்ட் இடம் மாறாத வரைக்கும். வெளியிலிருந்து ஒரு ஜாரைச் சேர்த்தால் அதன் முழு முகவரியையும் ஈக்லிப்ஸ் ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும்: சி டிரைவ், இன்னாருடைய ஃபோல்டர், டெஸ்க்டாப், லிப் என்று. சென்னையிலும் புதுச்சேரியிலும் ஆயத்த ப்ராஜெக்ட் விற்கும் சென்டர்கள் உண்டு. அங்கிருந்து பென் டிரைவில் வரும் ப்ராஜெக்டைத் திறந்தால், அதை எழுதியவரின் டெஸ்க்டாப்பைத் திண்டிவனத்து லேப்டாப்பில் ஈக்லிப்ஸ் தேடும். கிடைக்காது. ப்ராஜெக்ட் பெயர்மேல் சிவப்பு ஆச்சரியக்குறி விழும். ஜார்களை ப்ராஜெக்டுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்து, ‘பில்ட் பாத்’ போய் அங்கிருந்து சேர்த்தால் அது தீர்ந்துபோகும்.

ஜாவா இணையப் பக்கங்களை ஓட்டும் டாம்கேட்டை சன் நிறுவனம் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது அதில் வேலை செய்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், மேக்கின் டேப் தொல்லை தாங்காமல் ‘ஆன்ட்’ என்ற பில்ட் கருவியை எழுதினார். 2000 ஜூலையில் அது தனிக் கருவியாக வெளிவந்தது. பில்ட் தோற்றால் அது அச்சிட்ட சொற்கள் ‘பில்ட் ஃபெயில்ட்’. பின்னால் வந்த மேவன் கொஞ்சம் மாற்றி ‘பில்ட் ஃபெயிலியர்’ என்றது. அதற்கும் பின்னால் வந்த கிரேடில் மறுபடி ஆன்ட்டின் சொற்களையே எடுத்துக்கொண்டது. 2013-ல் கூகுள் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் கிரேடிலைத் தேர்ந்தெடுத்ததால், ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவர்களுக்கும் அந்த வரி போய்ச் சேர்ந்தது.

மேவனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜேசன் வான் ஸைல் தொடங்கியது, 2004-ல் முதல் பதிப்பு. ஜார்களை நாம் தேடி அலைய வேண்டாம், ‘பாம்’ கோப்பில் பெயரையும் பதிப்பையும் எழுதினால் மையக் களஞ்சியத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும் என்பது அதன் பெரிய வசதி. வர்த்தகர்கள் கூடும் துறைமுகம்போல உலகத்து ஜார்கள் எல்லாம் அங்கே வந்து குவிந்தன. ஆனால் இறக்க இணையம் வேண்டும். ஹாட்ஸ்பாட் நடுவில் அறுந்தால், ‘இது கிடைக்கவில்லை’ என்று மேவன் தன் ஃபோல்டரில் குறித்து வைத்துக்கொள்ளும். நெட் திரும்பி வந்த பிறகும் அந்தக் குறிப்பை நம்பி, வழக்கமாக ஒரு நாள் வரை மறுபடி முயலாது. கட்டளையோடு கழித்தல் குறியும் பெரிய ‘யு’ எழுத்தும் சேர்த்தால் உடனே முயலும். சில நேரம் பாதி ஜார் மட்டும் இறங்கியிருக்கும். அப்போது ‘ஜிப் எண்ட் ஹெடர் நாட் ஃபவுண்ட்’ என்று எரர் வரும். ஃபில் காட்ஸ் 1989-ல் கோப்பின் கடைசியில் வைத்த பட்டியல் வந்து சேரவில்லை என்று பொருள். அந்த ஒரு ஜாரின் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்தால் போதும்.

யாரும் தொடாமலே ப்ராஜெக்ட் உடைந்த ஒரு நாளும் உண்டு. 2020 ஜனவரி 15 முதல், பாதுகாப்பில்லாத பழைய ‘ஹெச்டிடிபி’ இணைப்பை மேவனின் மையக் களஞ்சியம் ஏற்பதை நிறுத்தியது. பழைய முகவரி எழுதிய ப்ராஜெக்டுகளுக்கு 501 என்ற எரர் வந்தது. முகவரியில் ‘எஸ்’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்ததும் பில்ட் ஆகிவிட்டது.

கடைசி விபத்து வழக்கறிஞர்கள் சம்பந்தப்பட்டது. நிறுவனங்களுக்கான ஜாவாவை, சன்னிடமிருந்து ஜாவாவைப் பெற்ற ஆரக்கிள், ஈக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஆனால் ‘ஜாவா’ என்ற வணிகப் பெயரை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதில் உடன்பாடு வரவில்லை. 2019-ல் பேச்சு முறிந்தது. அதனால் 2020 இறுதியில் வந்த பதிப்பில் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறின. டாம்கேட் 10 புதுப் பெயரை மட்டுமே அறியும். சீனியரின் பழைய சர்வ்லெட் ப்ராஜெக்டை அதில் போட்டால் பக்கம் கிடைக்காமல் 404 வருவது இதனால்தான். டாம்கேட் 9-ல் போட்டால் அதே ப்ராஜெக்ட் ஓடும்.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் 2024 பிப்ரவரியில் மென்பொருள் நிறுவனங்களுக்காக மினி டைடல் பூங்கா திறந்தார்கள். எந்த மென்பொருள் நிறுவனத்திலும் புதிதாகச் சேர்பவரின் முதல் வேலை, வேறு யாரோ எழுதிய ப்ராஜெக்டைத் தன் கணினியில் பில்ட் செய்வதுதான். அந்தத் திறமையைக் கல்லூரியிலேயே வளர்க்க ஒரு பக்கம் போதும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ‘சாஃப்ட்வேர் ரெக்வயர்மென்ட்ஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கும். பென்டியம் 4, 1.44 எம்பி ஃபிளாப்பி டிரைவ், விண்டோஸ் எக்ஸ்பி என்று தலைமுறை தலைமுறையாக நகலெடுத்து வரும் பக்கம் அது. மாணவர்களே, அதில் எந்த ஜாவா, எந்த டாம்கேட், எந்த மேவன் என்ற மூன்று பதிப்பு எண்களை எழுதுங்கள். ‘மேவன் வெர்ஷன்’ கட்டளை கொடுத்தால் மேவன் எந்த ஜாவாவை எடுத்துக்கொள்கிறது என்பதையும் அதுவே சொல்லிவிடும். எரர் வந்தால் எதையும் அழிப்பதற்கு முன் அதன் முதல் வரியைப் படியுங்கள். வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த மூன்று எண்களும் இல்லாத ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.