வாசற்படியோடு நின்றுபோன சட்டம்

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் தெருக்களில் வீடு எங்கே முடிகிறது, வேலையிடம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. கூடத்தில் தரையைத் தோண்டிப் போட்ட குழித்தறி, அதை ஒட்டி அடுப்படி, மூலையில் தார் சுற்றும் ராட்டை, பாவை நீட்டிச் சரிபார்க்கத் தெரு. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றுவட்டார ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக இதுவே ஏற்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்லிய பருத்தித் துணிக்குப் பேர்பெற்றிருந்த ஆரணி, பிறகு பட்டுச்சேலைக்குப் பேர்பெற்று, ஆரணிப் பட்டு என்ற புவிசார் குறியீட்டையும் வாங்கிவிட்டது. நூல் மாறியது, ஜக்கார்டு வந்தது, சாயம் மாறியது. வீட்டுக்குள் நெய்வது மட்டும் மாறவில்லை. தொழிலாளர் உடல்நலத்தின் வரலாற்றை ஆலைச் சங்கிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். தறி வீட்டிலிருந்து தொடங்கினால் வேறொன்று தெரிகிறது. தறியில் உட்காருபவரின் முதுகும் முழங்காலும் கண்ணும் கெடுவது யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்ட காரியம் இல்லை. வீட்டை வேலையிடமாக எண்ண வேண்டாம் என்று சட்டம் தெரிந்தே முடிவெடுத்தது. அந்த முடிவு நூற்று நாற்பது ஆண்டுகளாகத் திருத்தப்படாமல் வந்துகொண்டிருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

குழித்தறியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விடுகிறார். உள்ளே மிதிகட்டைகள். கால் அவற்றை மாற்றி மாற்றி அழுத்த, பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிடுகின்றன. ஒரு கை நாடாவை ஓட்ட, மறு கை பண்ணையை இழுத்து ஊடையை அடித்து இறுக்குகிறது. தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி. பூவேலை உள்ள இடத்தில் ஒவ்வோர் ஊடைக்கும் கொக்கிகளையும், அவற்றில் கட்டித் தொங்கும் எடைகளையும் கால்பலத்தாலேயே தூக்கியாக வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. கண் முழ நீளத் தூரத்தில் தலைமயிரைவிட மெல்லிய இழையில் நிற்கிறது. ஓர் இழை அறுந்து கவனிக்காமல் விட்டால் சேலையில் தழும்பு விழும், கூலியில் பிடித்தம் விழும். குழியின் ஈரம் பட்டு இழை உலர்ந்து அறாமல் காக்கிறது. அதே ஈரத்தில் கால்கள் நாள் முழுக்கக் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் நீர் ஊறிவிட்டால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொல்லியிருந்தார். குனிந்தும் மடங்கியும் செய்யும் வேலை உடலை வளைத்துவிடும் என்பது அப்போதே எழுதப்பட்ட செய்தி. ஆகவே அறிவு வந்து சேரவில்லை என்று இந்த விஷயத்தில் சொல்ல இடமில்லை.

இனி சட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. இயந்திரசக்தியோடு நூறு பேர் வேலை செய்யும் இடம் மட்டுமே அதன் கண்ணுக்குத் தொழிற்சாலை. 1891-இல் அந்த எண் ஐம்பதாகவும், 1922-இல் இருபதாகவும் இறங்கியது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம், இயந்திரசக்தி இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் என்று வகுத்தது. எண் இறங்க இறங்க, என்றாவது ஒருநாள் தறி வீட்டையும் எட்டிவிடும் என்று தோன்றலாம். எட்டவில்லை. காரணம், 1948 சட்டத்தின் 85-ஆம் பிரிவிலேயே இருந்தது. ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஓர் இடத்துக்குச் சட்டத்தை நீட்டிக்கலாம் என்று மாநில அரசுக்கு அது அதிகாரம் கொடுத்தது. கொடுத்த கையோடு, உரிமையாளர் தம் குடும்பத்தாரின் உதவியோடு மட்டும் வேலை செய்யும் இடத்துக்கு அந்த அதிகாரம் செல்லாது என்று விலக்கிவிட்டது. ஆரணியின் தறி வீடு ஏறத்தாழ முழுக்க இந்த ஒரு விலக்குக்குள் அடங்கிவிட்டது. ஊரில் அரிசி ஆலை நடத்துபவர் மோட்டாரும் பத்து ஆட்களும் வைத்திருந்தால் தூசிக்கும் பெல்ட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் பட்டுக்காகத் தேயும் முழங்காலுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. ஆங்கிலேயருக்கு இது தோன்றவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியச் சட்டத்தை அவர்கள் திருத்திய அதே 1891-இல், தங்கள் நாட்டில் இயற்றிய சட்டத்தில், வீடுகளுக்கு வேலை கொடுத்தனுப்பும் முதலாளிகள் அந்த வீட்டுத் தொழிலாளர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்று குறிப்பிட்ட தொழில்களுக்கு விதித்தார்கள். லண்டனுக்குத் தேவைப்பட்ட பட்டியல் ஆரணி இருந்த வடஆற்காட்டுக்குத் தேவைப்படவில்லை.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும்: நெசவாளர் யாருக்கும் வேலையாள் இல்லை, தம் தறியில், தம் வீட்டில், தம் நேரத்தில் நெய்கிறார், சொந்தத் தொழில் செய்பவருக்குப் பாதுகாப்பு விதிகளை யார் மேல் சுமத்துவது? மறுப்பில் பாதி உண்மை. பி.ஜே. தாமஸ் தலைமையில் அமைந்து 1942-இல் அறிக்கை தந்த கைத்தறி, ஆலை உண்மையறியும் குழு, சொந்தமாக நெய்பவர், பெருந்தறிக்காரரிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்பவர், பட்டறைக்குப் போய் நெய்பவர் என்று நெசவாளர்களைத் தனித்தனி வகையாகவே பார்த்தது. பட்டு விலையும் ஜரிகை விலையும் இருக்கும் இருப்பில், சொந்த முதலில் பாவு போடக்கூடிய குடும்பம் அரிது. பட்டு, ஜரிகை, அட்டையில் குத்திய டிசைன், முன்பணம் எல்லாம் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ வருகின்றன. சேலை எந்த நிறம், எத்தனை அகலக் கரை, என்றைக்குக் கையில் வர வேண்டும் என்பதும் அங்கிருந்தே வருகிறது. நெசவாளருக்குச் சொந்தம் என்று மிஞ்சுவது வீடு, தறி, உடம்பு. அதாவது செலவு வைக்கும் மூன்றும் அவருடையவை. இதைச் சுதந்திரத் தொழில் என்று அழைத்தால் அந்தச் சுதந்திரத்தில் லாபம் ஒருவருக்கும் நோவு இன்னொருவருக்கும் போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. தொழிற்கூடத்தைக் கட்டிக்கொடுத்தபோது நெசவாளர்களே வேண்டாம் என்றார்கள் என்பது அது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை அரசுக்காக 1906 வாக்கில் சேலத்தில் ஒரு நெசவுக்கூடம் தொடங்கினார். விசைநாடாத் தறியை ஓரிடத்தில் வைத்து, ஒழுங்கான வேலை நேரத்தோடு நடத்திப் பார்க்கும் முயற்சி. நெசவாளர்கள் தயங்கினார்கள். வந்தவர்களும் நிலைக்கவில்லை. 1910-இல், அரசு தொழில் நடத்தக் கூடாது என்ற லண்டனின் கொள்கை முடிவோடு அந்த முயற்சி முடிவுக்கு வந்தது. நெசவாளருக்குக் கட்டுப்பாடு பிடிக்காது, வீட்டு வாசம் போதும் என்று பலர் இதற்குப் பொருள் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வீட்டில் ஒரு சேலை உருவாகும்போது மனைவி தார் சுற்றுகிறார், தாயார் இழை பிரிக்கிறார், அறுந்த இழையைப் பிணைக்க இன்னொரு கை வருகிறது. கூலி சேலைக்கு ஒன்று. கூடத்துக்கு ஆண் மட்டும் போனால் இத்தனை கைகளின் உழைப்பும் ஒரே நாளில் வீணாகிவிடும், வருமானம் சுருங்கும். கூடத்துக்கு வர மறுத்தவர்கள் நல்ல வெளிச்சத்தையும் ஓய்வு நேரத்தையும் மறுத்தார்கள் என்று கொள்ள முடியாது. கணக்குப் பார்த்து மறுத்தார்கள். அந்தக் கணக்கை மாற்றாமல் கட்டடத்தை மட்டும் மாற்றினால் யாரும் வரமாட்டார்கள்.

அப்படியானால் வீட்டுக்குள் அதிகாரியை அனுப்புவதா என்று கேட்பார்கள். கதவைத் தட்டும் இன்ஸ்பெக்டர் ஏழை நெசவாளரிடம் கை நீட்டுவார் என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் வேறு வழி இருக்கிறது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இதே வடஆற்காட்டு மண்ணில், வேலூர், குடியாத்தம் பக்கத்தில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றினார்கள். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே எழுதியது. விடுப்பும் பேறுகாலப் பயனும் அவருக்கும் உண்டு என்றது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள்; 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1976-இல் பீடித் தொழில் மேல் வரி போட்டு நலநிதி உருவாக்கி, அதிலிருந்து மருத்துவமனைகளும் மருந்தகங்களும் நடந்தன. அந்தச் சட்டம் நடைமுறையில் ஓட்டை நிறைந்தது, பாஸ்புத்தகம் கிடைக்காத பெண்கள் ஏராளம் என்பதெல்லாம் தெரிந்ததே. என்றாலும் பொறுப்பு மூலப்பொருள் கொடுத்தவரைத் தேடிப் போகும் என்ற கொள்கை அங்கே நின்றது. ஒரே பகுதியில், ஒரே மாதிரி வீட்டில், பீடி இலை வாங்கியவர் சட்டத்துக்குத் தொழிலாளி ஆனார். பட்டு நூல் வாங்கியவர் ஆகவில்லை. இந்த வேறுபாட்டுக்குத் தொழிலின் தன்மையில் காரணம் எதுவும் கிடையாது.

குடும்பம் என்ற விலக்கின் மிகக் கொடிய விளைவு குழந்தைகள் மேல் விழுந்தது. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். காஞ்சிபுரம் வட்டாரப் பட்டுத் தறிகளில் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான் என்பதை 1996-லும் 2003-லும் மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கைகள் பதிவு செய்தன. முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட குழந்தைகள் அவர்கள். 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவை ஆபத்தான வேலைகளின் பட்டியலில் வைத்தது. குடும்பத்தார் உதவியோடு நடக்கும் பட்டறையை அதே மூச்சில் விலக்கியது. யாருடைய குழந்தை தறியில் உட்கார்ந்திருந்தாலும் 'எங்க வீட்டுப் பையன்' என்று சொன்னால் முடிந்தது. பள்ளிகளும் இயக்கங்களும் அரசின் தொடர் முயற்சியும் அந்தக் காட்சியைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. பெண்கள் விஷயத்தில் அப்படிக் குறையவில்லை. தார் சுற்றும் கைக்கு இன்றைக்கும் தனிக் கூலியோ தனிப் பெயரோ இல்லை.

சாயத்தின் கதையும் இதே தடத்தில் போகிறது. கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசை நீக்கும்போது எடையில் கால்பங்கு வரை கரைந்து நீரோடு போகும். பிறகு சாயத்தொட்டி, அமிலம், ஆவி, வெறுங்கை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-லேயே சாயத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சிறுநீர்ப்பை புற்றுக்கட்டி வருவதை எடுத்துச் சொன்னார். பென்சிடின் சார்ந்த சாயங்களை இந்தியா விலக்கியது 1993-இல். மேலும் 70 அசோ சாயங்களை விலக்கியது 1997-இல். அந்த இடைவெளியில் அந்தச் சாயம் ஏறிய துணியின் இறக்குமதிக்கு ஜெர்மனி கதவைச் சாத்தியிருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாங்குபவரின் தோலுக்காக வந்த தடை, தொட்டியில் கைவிட்டவருக்கும் போகிறபோக்கில் உதவியது. ஆற்றைப் பொறுத்தவரை, கமண்டல நாகநதி செய்யாற்றில் கலக்கிறது, செய்யாறு பாலாற்றில். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் மேல் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற விதியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. 2011-இல் நொய்யலைக் காக்கத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். இரண்டிலும் கெடுத்தவரைப் பெயர் சொல்லிக் காட்ட முடிந்தது. கொல்லைப்புறத் தொட்டியில் கூலிக்குச் சாயம் போடுபவரைக் காட்டி அவர்தான் கெடுத்தார் என்று நிறுத்துவது எளிது, அநியாயமும்கூட. சாய நீரைச் சுத்தம் செய்யும் செலவு சேலைக்கு நிறம் சொன்னவரைச் சேர வேண்டும்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது பொய். 1985-இல் சில துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிச் சட்டம் வந்தது. அதே காலத்தில் தறிக்கூடத்தோடு வீடு கட்டித் தரும் மத்தியத் திட்டமும் வந்தது. வீடும் வேலையிடமும் ஒன்று என்று அரசு ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது. பின்னர் நெசவாளர் மருத்துவக் காப்பீடு, தமிழ்நாட்டில் நலவாரியம், இலவச மின்சாரம், ஜக்கார்டைத் தூக்க மோட்டார் என்று வந்தன. மோட்டார் நிஜமாகவே காலுக்கு விடுதலை. ஆனால் இவை அனைத்தும் சலுகைகள். ஆட்சிக்கு ஆட்சி கூடும், குறையும். நெசவாளர் யாரிடமும் உரிமையாகக் கேட்க முடிந்தது இவற்றில் ஒன்றுமில்லை. பதின்மூன்று சட்டங்களை ஒன்றாக்கி 2020-இல் இயற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கான எண்ணை இருபது, நாற்பது என்று மறுபடி ஏற்றிவிட்டது. 1922-இல் இருந்த இடத்துக்கே திரும்பியிருக்கிறோம்.

கடைசி மறுப்பு செலவு: விசைத்தறியோடு மல்லுக்கட்டும் கைத்தறிக்கு இன்னொரு சுமையா? இன்று ஒரு பட்டுச்சேலையில் பட்டு அசலா என்பதற்குச் சில்க் மார்க், கைத்தறிதானா என்பதற்கு 2006 முதல் கைத்தறி முத்திரை என்று சரிபார்ப்புக்கு வழி செய்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் வாங்குபவர் விலை கொடுக்கிறார். பாவு கொடுப்பவரின் நோட்டில் பட்டின் எடை கிராம் கணக்கில் இருக்கிறது, ஜரிகையின் அளவு இருக்கிறது, முன்பணம் தேதியோடு இருக்கிறது. அதே நோட்டில் அந்தத் தறியில் உட்காரும் ஒவ்வொருவரின் பெயரையும், தார் சுற்றுபவர் உட்பட, எழுதச் சொல்வதும், பாவுக்கு இவ்வளவு என்று அவர்களின் மருத்துவத்துக்கும் குழியைச் செப்பனிடவும் ஒதுக்கச் சொல்வதும் யாரையும் கடையை மூட வைக்காது. தனி முதலாளிகளிடமிருந்து தொடங்கத் தயக்கம் இருந்தால் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே பாவு கொடுப்பது கைத்தறித் துறையின் மேற்பார்வையில் நடக்கிறது, நோட்டும் துறை தணிக்கை செய்யும் நோட்டுதான்.